லேபிளின் பின்பக்கத்தையும் பாருங்கள்

போன மாதம் இந்தப் பக்கத்தில் சின்ன ஊர் பார்களின் பழைய விளம்பரச் சாமான்களைப் பற்றி எழுதியிருந்தேன். பியர் லேபிள், சாராய லேபிள், நெருப்புப்பெட்டி மேலட்டை, கிளாசுக்குக் கீழே வைக்கும் அட்டை, தகரத் தட்டு, சுவர்க் கலண்டர் என்று நாற்பது வருடமாக நான் சேர்த்து வைத்திருப்பவை அவை. இந்த மாதம் கொட்டாஞ்சேனை வீட்டு மேசை நிறையக் கடிதங்கள். ஒரே விஷயத்தைக் கேட்டவற்றை ஒன்றாக்கியிருக்கிறேன். ஒரு கடிதத்துக்கு மட்டும் கூடுதல் இடம் எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: அன்ரி, குறை நினைக்கவேண்டாம். நீங்கள் குடிப்பவர் இல்லை என்று எழுதியிருந்தீர்கள். ஒரு பெண்ணுக்கு ஏன் இந்தச் சேகரிப்பு? வீட்டில் ஒன்றும் சொல்லவில்லையா? (தெமட்டகொடை வாசகி)

குறை நினைக்க என்ன இருக்கிறது பிள்ளை. என் அப்பா மலைநாட்டில் ஒரு வாடிவீட்டில் பார் கீப்பராக இருந்தார். பள்ளிக்கூடம் விட்டதும் நான் பின்கதவால் போய் வெறும் போத்தல் அடுக்கும் அறையில் உட்கார்ந்திருப்பேன். அப்பாவின் வேலை முடியும்வரை அதுதான் என் படிப்பறை. ஈரத்தில் கழன்று வரும் லேபிள்களை அப்பா ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிவிடுவார். மலையில் வெயில் எப்போது வரும், எப்போது போகும் என்று சொல்ல முடியாது. சில நாள் காய இரண்டு நாளாகும். காய்ந்ததும் தானாகவே உரிந்து ஜன்னல் படியில் விழும். பின்பக்கம் வெள்ளை. அதில்தான் எனக்குக் கணக்குப் போட்டுக் காட்டுவார்.

அவற்றில் ஒன்று இன்னும் என்னிடம் இருக்கிறது. முன்பக்கம் லயன் லாகர் சிங்கம். பின்பக்கம் பென்சிலில் 48 பெருக்கல் 7. அப்பா 7 எழுதினால் நடுவில் ஒரு குறுக்குக் கோடு போடுவார். அந்தக் கோடு அப்படியே தெரிகிறது. அதன் கீழே நான் எழுதிய 326, அது அழிக்கப்பட்ட தடம், அதற்கு மேல் 336. அழித்த இடத்தில் தாள் மெலிந்துவிட்டது, வெளிச்சத்தில் பிடித்தால் அந்த இடம் மட்டும் மஞ்சளாக ஒளிரும். அப்பா போய் முப்பத்தொரு வருடம். அவருடைய கையெழுத்து என்று என்னிடம் இருப்பவை இரண்டு, மூன்று கடிதங்களும் இந்த லேபிளும்தான்.

வீட்டில் அம்மாவுக்குப் பிடிக்காது. "அந்தச் சனியனை வீட்டுக்குள் கொண்டுவராதே" என்பார். அம்மாவின் கோபத்துக்குக் காரணம் இருந்தது. அதை அடுத்த பதிலில் சொல்கிறேன்.

கேள்வி: தோட்டத்துச் சனத்தின் சம்பளம் சாராயக் கடையில் கரைந்ததைக் கண்ணால் கண்டவன் நான். அந்தக் கடைகளின் லேபிள்களை அழகு என்று மெச்சுவது உங்களுக்குச் சரியாகப் படுகிறதா? (ஓய்வுபெற்ற ஆசிரியர், கொழும்பு 13)

ஐயா, நானும் கண்டிருக்கிறேன். வாடிவீட்டுக்கு எதிரே சாராயத் தவறணை. சம்பள நாள் பின்னேரம் அதன் வாசலில் பெண்கள் நிற்பார்கள். இடுப்பில் ஒரு பிள்ளை, கையில் ஒரு பிள்ளை. உள்ளே போக மாட்டார்கள், திரும்பியும் போக மாட்டார்கள். மனுசன் வெளியே வரும்போது மடியில் மிச்சம் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கவே அந்தக் காத்திருப்பு. என் அம்மா ஒருமுறை அவர்களில் ஒரு பெண்ணைக் கூட்டிவந்து குசினியில் உட்காரவைத்து ரொட்டி கொடுத்தார். அந்தப் பெண் ரொட்டியைத் தின்னாமல் முந்தானையில் முடிந்துகொண்டு போனதை நான் மறக்கவில்லை.

ஆகவே என் அல்பத்தில் ஒரு பக்கம் லேபிள் இருந்தால் எதிர்ப்பக்கம் பற்றுச் சிட்டை இருக்கும். தவறணைகளில் கடனுக்குக் குடித்தவர்களின் சிட்டை. பெயர்களை ஒரு தாள் துண்டால் மறைத்திருக்கிறேன். பேரப்பிள்ளைகள் இன்னும் அதே ஊர்களில் இருக்கிறார்கள். தொகை மட்டும் தெரியும். தங்கக் கரை போட்ட லேபிளையும் அதனால் வந்த கடனையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே அந்த ஒழுங்கு.

2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் மதுவுக்கும் புகையிலைக்கும் விளம்பரம் செய்வதைத் தடுத்துவிட்டது. அது நல்ல சட்டம் என்றே நினைக்கிறேன். கொம்பனிப் பெயர் போட்ட தட்டும் கலண்டரும் கடைகளுக்கு வருவது அதோடு நின்றது. என்னிடம் இருப்பவை அதற்கு முந்திய காலத்தின் மிச்சம். எப்படிப்பட்ட படத்தைக் காட்டி நம் சனத்தைக் கூப்பிட்டார்கள் என்பதற்கு இந்தத் தாள்களை விட நேரான சாட்சி எனக்குத் தெரியவில்லை. அவற்றை எறிந்துவிட்டால் அந்தப் பெண்கள் நின்ற வாசலும் சேர்ந்து மறந்துபோகும் என்று பயப்படுகிறேன், ஐயா.

கேள்வி: லேபிளில் ஆண்டு அச்சாகியிருக்காது. வயதை எப்படிக் கண்டுபிடிப்பது? (வத்தளை, தெஹிவளை, மாளிகாவத்தை வாசகர்கள்)

முதலில் நாட்டின் பெயரைப் பாருங்கள். 1972 மே 22இல் குடியரசானபோது சிலோன், ஸ்ரீ லங்கா ஆனது. இதற்குத் தமிழ் வரி உதவாது. தமிழில் நாம் அப்போதும் இப்போதும் இலங்கை என்றே எழுதுகிறோம். ஆங்கில வரியில் சிலோனில் தயாரானது என்று இருந்தால் பெரும்பாலும் அதற்கு முந்தியது. ஆனால் கொம்பனியின் பெயரில் ஒட்டிக்கொண்டிருக்கும் சிலோனை நம்பி ஏமாறாதீர்கள். 1972க்குப் பிறகும் எத்தனையோ கொம்பனிகள் அந்தச் சொல்லை விடவில்லை.

பிறகு விலாசம். லயன் பியர் தலைமுறைக் கணக்கில் நுவரெலியாவில்தான் வடிக்கப்பட்டது. தொண்ணூறுகளில்தான் ஆலை பியகமவுக்கு வந்தது. அதனால் நுவரெலியா விலாசம் போட்ட லேபிளுக்கும் பியகம விலாசம் போட்டதற்கும் இடையில் ஒரு தெளிவான கோடு இருக்கிறது. தென்னஞ்சாராயத்தில் அரசாங்க வடிசாலைக் கூட்டுத்தாபனத்தின் பெயர் இருந்தால், அது 1992இல் தனியார் கைக்குப் போவதற்கு முந்தியது. லேபிளின் மேலே பெரிதாக அச்சாகியிருக்கும் ஆண்டைக் கண்டு துள்ளாதீர்கள். கொம்பனி தொடங்கிய ஆண்டு அது. பட்டைக் குறியீடு இருந்து, அது 479 என்று தொடங்கினால் அது நம் நாட்டுக்குக் கொடுக்கப்பட்ட எண். அப்படியொரு லேபிளை அறுபதுகளின் சரக்கு என்று யாராவது நீட்டினால் மரியாதையாகத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

தமிழ் தெரிந்த நமக்கு மட்டும் கிடைக்கும் தடயம் ஒன்று உண்டு. லை, னை, ணை, ளை எழுத்துகளைப் பாருங்கள். பழைய அச்சில் ஐகாரம் யானைத் தும்பிக்கை போல எழுத்தின் தலைக்கு மேல் வளைந்து நிற்கும். 1978இல் தமிழ்நாட்டு அரசு எழுத்துச் சீர்திருத்த ஆணை போட்டது. இங்கே ஈய எழுத்துக் கோர்த்த சின்ன அச்சகங்கள் கையிலிருந்த எழுத்தை உடனே உருக்கிவிடவில்லை. அதற்குப் பிறகும் தும்பிக்கை லை வந்துகொண்டுதான் இருந்தது. ஆகவே புது லை இருந்தால் அது 1978க்குப் பிந்தியது என்று ஓரளவு துணிந்து சொல்லலாம். பழைய லை இருப்பதால் மட்டும் மிகப் பழசு என்று சொல்ல முடியாது.

கலண்டர் கிடைத்தால் இன்னும் ஒரு வழி. 1966 முதல் 1971 வரை இந்த நாட்டில் சனி, ஞாயிறு வார விடுமுறையாக இருக்கவில்லை. போயா நாளும் (அப்போது பூரணை, அமாவாசை, இரண்டு அரைச் சந்திர நாள்கள்) அதற்கு முதல் நாளும்தான் விடுமுறை. இளையவர்களுக்கு இது கதை போல இருக்கும், எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு நல்ல ஞாபகம். அந்தக் காலக் கலண்டரில் சிவப்பு எழுத்து ஞாயிற்றுக்கிழமை வரிசையில் நேராக இறங்காது, மாதம் முழுக்கச் சிதறிக் கிடக்கும். தூரத்தில் நின்று பார்த்தே சொல்லிவிடலாம்.

கேள்வி: எங்கள் தாத்தாவுக்கு மலைநாட்டில் ஒரு சிறு நகரத்தில் ஒயின் ஸ்டோர்ஸ் இருந்தது. 1983 ஜூலையில் கடையோடு எல்லாம் எரிந்துபோனது. அத்தை வீட்டில் ஒரு சுவர்க் கலண்டர் மட்டும் மிஞ்சியிருக்கிறது. ஆண்டு இருந்த மூலை இல்லை. அது எந்த வருடத்தினது என்று சொல்ல முடியுமா? (வெள்ளவத்தை வாசகர்)

தம்பி, கலண்டரையே எடுத்துக்கொண்டு அம்மாவோடு வீட்டுக்கு வந்தீர்கள், நன்றி. பார்த்ததை மற்ற வாசகர்களுக்காகவும் எழுதுகிறேன்.

தடித்த அட்டை, ஏறக்குறைய ஒரு முழ உயரம். மேலே தாமரையில் லட்சுமி. லட்சுமியின் காலடியில் சிவப்பு எழுத்தில் கடையின் பெயர், அதற்குக் கீழே ஊர், மூன்றே இலக்கத்தில் ஒரு தொலைபேசி எண். சின்ன ஊரில் அப்போது அது போதும், எக்ஸ்சேஞ்சில் ஊர்ப் பெயர் சொல்லித்தான் லைன் கேட்க வேண்டும். கீழே மாதத் தாள்களில் பதினொன்று கிழிந்து போய், டிசம்பர் மட்டும் கம்பியில் தொங்குகிறது. ஆண்டு இருந்த வலது மூலையை எலி தின்றிருக்கிறது.

31ஆம் திகதி வெள்ளிக்கிழமை. டிசம்பர் 31 வெள்ளியில் வந்த ஆண்டுகள் 1965, 1971, 1976, 1982. ஆங்கில விலாசத்தில் ஸ்ரீ லங்கா என்று இருப்பதால் முதல் இரண்டும் விழுந்துவிடும். மிச்சம் 1976, 1982. இந்த இரண்டையும் பிரிக்க எனக்கு உதவியது சந்திரன். உங்கள் தாளில் 30ஆம் திகதிக் கட்டத்தில் பூரணை வட்டம் இருக்கிறது. 1976 டிசம்பரில் பூரணை மாதத் தொடக்கத்தில், 6ஆம் திகதியளவில் வந்தது. 1982இல் டிசம்பர் 30இல் பூரணை. அன்று முழுச் சந்திர கிரகணமும்கூட. ஆகவே உங்கள் கலண்டர் 1982ஆம் ஆண்டினது. அந்த வருடம் முழுக்க அது கடைச் சுவரில் தொங்கியிருக்கிறது. தைப்பொங்கலுக்கு வந்த அத்தை லட்சுமி படத்துக்காகக் கேட்டு வாங்கிப்போனார் என்று அம்மா சொன்னது சரியாகப் பொருந்துகிறது. அதற்கு ஆறு மாதத்துக்குப் பிறகுதான் ஜூலை.

ஆண்டு தெரிந்ததும் நீங்கள் எழுந்துவிட்டீர்கள். நான்தான் இருக்கச் சொன்னேன். கட்டங்களுக்குள் நீலப் பேனையில் சின்னச் சின்ன எழுத்து இருந்தது ஞாபகமா? 4ஆம் திகதியில் '3 பெ'. 11இல் '3 பெ'. 18இல் '4 பெ'. 23இல் '7 பெ'. 29இல் '9 பெ'. பெ என்றால் பெட்டி. சாதாரண வாரத்தில் மூன்று பெட்டி எடுத்த மனிதர், நத்தாருக்கு முன் ஏழு, 30ஆம் திகதிப் போயாவுக்கும் புதுவருசத்துக்கும் சேர்த்து முதல் நாளே ஒன்பது எடுத்திருக்கிறார். போயாவன்று கடை பூட்டு, முதல் நாள் கூட்டம் அலைமோதும். உங்கள் தாத்தா அதைக் கணக்குப் பார்த்து நடந்திருக்கிறார். கடைப் புத்தகங்கள் எல்லாம் எரிந்துவிட்டன என்று சொன்னீர்கள். ஒரு மாதத்துக் கணக்கு எரியவில்லை, தம்பி. அம்மா அந்த 9ஐத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தார், நாங்கள் இரண்டு பேரும் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

இப்போது செய்ய வேண்டியது. லாமினேட் செய்யக் கூடாது. அந்தச் சூடும் பசையும் தாளுக்குள் இறங்கினால் திரும்ப எடுக்க முடியாது. கிழிந்த இடத்தில் செலோடேப் ஒட்டக் கூடாது. சில வருடத்தில் பழுப்பாகி, பசை மட்டும் தாளில் தங்கிவிடும். இரண்டு பக்கமும் ஸ்கேன் எடுங்கள். கம்பி துருப்பிடித்திருக்கிறது, அதைக் கழற்றாமல் தாளுக்கும் கம்பிக்கும் இடையில் ஒரு மெல்லிய வெள்ளைத் தாள் செருகுங்கள். எல்லாவற்றுக்கும் முதலில், அம்மாவை உட்காரவைத்து அந்தத் தெருவில் யார் யாருடைய கடை எந்தப் பக்கம் இருந்தது என்று கேட்டு எழுதுங்கள். அடுத்த வாரம் என்று தள்ளவேண்டாம். எழுதிய தாளையும் கலண்டரோடு ஒரே உறையில் வையுங்கள்.

கேள்வி: அப்பா கப்பலில் வேலை செய்தவர். பிஸ்கட் டின் ஒன்று நிறைய அமெரிக்க பார்களின் மடக்கு நெருப்புக்குச்சி அட்டைகள் வைத்திருக்கிறார். இவற்றுக்கும் நீங்கள் சொல்லும் முறை பொருந்துமா? (முகத்துவாரம் வாசகி)

முறை அதேதான், தடயங்கள் வேறு. அமெரிக்காவில் சின்ன ஊர் பார்கூடத் தன் பெயரையும் தெருவையும் அச்சடித்து இந்த அட்டைகளை இலவசமாகக் கொடுத்தது. குச்சியை உரசும் பட்டை முன்பக்கம் இருந்தால் எழுபதுகளின் நடுப்பகுதிக்கு முந்தியது. பாதுகாப்புக்காகப் பிறகு பின்பக்கத்துக்கு மாற்றினார்கள். விலாசத்தில் ஐந்து இலக்கத் தபால் எண் இருந்தால் 1963க்குப் பிந்தியது, அந்த ஆண்டில்தான் அது வந்தது. தொலைபேசி எண் ஒரு சொல்லிலோ இரண்டு ஆங்கில எழுத்திலோ தொடங்கினால் இன்னும் பழசாக இருக்கலாம். டின்னுக்குள் பியர் லேபிளும் கிடந்து, அதில் உள்நாட்டு வரி செலுத்தப்பட்டது என்ற ஆங்கில வாசகம் இருந்தால் 1950ஐ ஒட்டியோ அதற்கு முன்னோ அச்சானது.

ஒரு முக்கியமான விஷயம். குச்சிகளோடு அப்படியே டின்னில் வைத்திருக்காதீர்கள் பிள்ளை. குச்சி முனையில் இருக்கும் மருந்தும் உரசும் பட்டையில் இருக்கும் சிவப்புப் பாஸ்பரசும் ஒன்றோடொன்று தேய்ந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. மழுங்கிய கத்தி நுனியால் கம்பியை மெதுவாக நெம்பி எடுத்து, குச்சிகளைத் தண்ணீரில் ஊறவைத்து எறிந்துவிடுங்கள். அட்டையை விரித்துத் தட்டையாக வையுங்கள். அங்கே உள்ள சேகரிப்பாளர்களும் அப்படித்தான் செய்கிறார்கள். விரிக்கும்போது உட்பக்கத்தைக் கட்டாயம் பாருங்கள். கப்பல்காரர்கள் துறைமுகத்தின் பெயர், திகதி, யாருக்காவது கொடுக்க வேண்டிய காசு எல்லாவற்றையும் அதில்தான் குறித்துவைப்பார்கள்.

கேள்வி: வடக்கில் கள்ளுத் தவறணைகளின் விளம்பரச் சாமான் ஏதாவது கிடைக்குமா? (பம்பலப்பிட்டி வாசகர், சொந்த ஊர் பருத்தித்துறை)

மரத்திலிருந்து இறங்கி முட்டியிலும் பனையோலைப் பிளாவிலும் போன கள்ளுக்கு லேபிள் எங்கே வரும்? தேட வேண்டியது பனை தென்னை வள அபிவிருத்திக் கூட்டுறவுச் சங்கங்களின் பற்றுச்சீட்டு, போத்தலில் அடைத்த கள்ளின் லேபிள், உங்கள் ஊருக்குப் பக்கத்தில் திக்கம் வடிசாலையில் வடித்த பனஞ்சாராயத்தின் லேபிள். இவை போர்க்காலத்தில் எத்தனை வீடுகளோடு அழிந்தன என்று உங்களுக்கே தெரியும். அதனால் ஊரில் யாருடைய லாச்சியிலாவது ஒன்று கண்டால், அழுக்கோடு இருந்தாலும் அப்படியே வாங்கி வையுங்கள்.

கேள்வி: பாருக்குப் போய் இதையெல்லாம் எப்படிக் கேட்பது? ஒரு தடவை கேட்டு, ஒரு மாதிரிப் பார்த்தார்கள். (கிராண்ட்பாஸ் வாசகர், வயது 24)

எந்த நேரத்தில் போனீர்கள் என்று எழுதவில்லை. பின்னேரம் ஆறு மணிக்கும், போயாவுக்கு முதல் நாளும் போனால் எந்த முதலாளியும் கதைக்க மாட்டார். கடை திறந்த கையோடு, கவுண்டர் துடைக்கிற நேரத்தில் போங்கள். பழைய சாமான் இருக்கிறதா என்று கேட்டால் இல்லை என்றுதான் வரும். வருமானவரிக்காரரா, கலால்காரரா என்று முதலில் ஒரு சந்தேகம். சுவரில் தொங்கும் ஏதாவது ஒன்றைக் காட்டி, இது எந்தக் காலத்தில் வந்தது என்று கேளுங்கள். கதை தொடங்கிவிடும்.

மாத்தளைப் பக்கம் ஒரு பாரில் நான் ஒரு மணி நேரம் கதை கேட்டேன். முதலாளிக்கு எழுபது வயதிருக்கும். எழும்பும்போது காசு லாச்சியை இழுத்தார். அடியில் விரித்திருந்த தாளைப் பார்த்ததும் எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. ஒட்டப்படாத சாராய லேபிள்கள், வெட்டாத முழுத் தாளாக, எட்டு லேபிள் ஒரே தாளில். முப்பது வருடச் சில்லறைக் காசு உரசி நடுவில் வட்டம் வட்டமாகக் கறை. புதுப் பிரவுண் பேப்பர் வாங்கிவந்து லாச்சிக்கு அளவாக வெட்டி விரித்துக் கொடுத்தேன், பழையதைச் சும்மா தந்தார். அந்தக் காசு வட்டங்களை நான் துடைக்கவில்லை. தாளின் உறையில் ஊர், திகதி, லாச்சி என்று எழுதி வைத்திருக்கிறேன்.

கொழும்புக்குள் என்றால் போத்தல் பேப்பர்காரர்களைப் பழக்கம் பிடியுங்கள். வீட்டுக்கு வீடு வாங்கும் அவர்கள் கையில்தான் முதலில் வரும். டி. ஆர். விஜேவர்தன மாவத்தையில் பழைய புத்தகக் கடைகளில் புத்தகத்துக்குள் அடையாளத்துக்கு வைத்த அட்டைகளைப் பாருங்கள். பியர் அட்டை அப்படி எனக்கு நான்கு கிடைத்திருக்கிறது. எங்கே வாங்கினாலும், எந்த ஊரிலிருந்து வந்தது என்று கேட்டு அன்றைக்கே எழுதுங்கள். ஊர் தெரியாத லேபிள் என்னிடம் இருநூறுக்கு மேல் கிடக்கிறது, தொடக்கத்தில் கேட்காமல் விட்டவை. அந்தப் பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் மனது கஷ்டப்படுகிறது.

கேள்வி: கடற்கரைப் பக்கம் வீடு, எல்லாம் பூத்துப்போகிறது. எப்படிப் பாதுகாப்பது? வெள்ளத்தில் நனைந்த கட்டு ஒன்றும் இருக்கிறது. (வெள்ளவத்தை, வெல்லம்பிட்டி வாசகர்கள்)

உப்புக் காற்றும் ஈரமும்தான் நமக்கு எதிரி. வெளிச்சுவரோடு ஒட்டிய அலுமாரி வேண்டாம். பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு, நீர் ஏறினால் மாற்றுங்கள். மலிவான பிளாஸ்டிக் அல்பம் வாங்காதீர்கள். தொண்ணூறுகளில் நான் அப்படி ஒன்றில் அறுபது லேபிள் வைத்தேன். ஆறு வருடத்தில் பிளாஸ்டிக் பிசுபிசுத்து, லேபிளின் மை அதில் ஒட்டிக்கொண்டது. சிவப்புச் சிங்கங்கள் எல்லாம் பிளாஸ்டிக்கில், வெள்ளைத் தாள் என் கையில். பிவிசி என்ற வகைதான் இப்படிச் செய்யும். பொலிப்ரொப்பிலீன், பொலியெஸ்டர் உறை என்று கேட்டு வாங்குங்கள். குறிப்பு எழுதப் பென்சில் போதும், போல்பொயின்ட் மை ஊறி முன்பக்கத்துக்கு வரும். பூச்சி உருண்டையை உறைகளுக்குப் பக்கத்தில் போடவேண்டாம்.

நனைந்த கட்டுக்கு: இரண்டு நாள் தாண்டினால் பூஞ்சணம் பிடித்துவிடும். பிரிக்க நேரமில்லை என்றால் பொலித்தீன் பையில் கட்டி பிரிஜின் ஐஸ் பகுதியில் வையுங்கள். பூஞ்சணம் அங்கே வளராது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து, மை ஒற்றும் தாள்களுக்கு நடுவில் வைத்து, மேலே கனமான புத்தகம் ஏற்றி, தாளை மாற்றி மாற்றிக் காயவையுங்கள். வெயிலில் போட்டால் சுருளும், சிவப்பு நிறம் முதலில் வெளுக்கும்.

போத்தலிலிருந்து லேபிள் எடுக்கவும் இளஞ்சூட்டு வெந்நீர் போதும். பழைய பசை பெரும்பாலும் தண்ணீரில் கரையும். நகத்தால் சுரண்டாமல் தானாகக் கழலும்வரை பொறுத்திருங்கள். அப்பாவின் ஜன்னல் கண்ணாடி வழி இன்னும் வேலை செய்கிறது.

கேள்வி: எனாமல் விளம்பரப் பலகை ஒன்றைப் பெரிய விலை சொல்கிறார்கள். உண்மையா, புதிதாகச் செய்ததா? (நுகேகொடை வாசகர்)

பூதக்கண்ணாடி கொண்டு போங்கள். உண்மையான எனாமல் என்றால் நிறங்கள் ஒன்றின் மேல் ஒன்று படிந்து விளிம்பில் விரலுக்கு மேடு தட்டும். நிறம் முழுக்கச் சின்னப் புள்ளிகளாகத் தெரிந்தால் அது அண்மையில் அச்சடித்தது. ஆணி ஓட்டையில் துரு உள்ளிருந்து வெளியே பரவியிருக்க வேண்டும்; பலகை முழுக்க ஒரே அளவாகத் துரு பூசியிருந்தால் விட்டுவிடுங்கள். உண்மையாகவே பழசு என்றால் வீட்டுக்குள் மாட்டுங்கள். கடை வாசலில் மாட்டுவது 2006 சட்டத்தின் கீழ் சிக்கலாகலாம், வழக்கறிஞரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: எனக்கு 12 வயது. பாருக்கு என்னால் போக முடியாது. நானும் சேர்க்கலாமா, அம்மம்மா? (கொச்சிக்கடை, மாணவி)

நல்லாச் சேர்க்கலாம் குஞ்சு. பாருக்குப் போகவே வேண்டாம். சோடாவில் தொடங்கு. எலிபன்ட் ஹவுஸ் இஞ்சி பியர் மூடியும் லேபிளும் உன் தெருவிலேயே கிடைக்கும். விடுமுறைக்கு யாழ்ப்பாணமோ மட்டக்களப்போ போனால் அந்தந்த ஊரிலேயே செய்யும் சோடாக்களின் லேபிளைக் கேட்டு வாங்கு. அவை அந்த ஊரை விட்டு வெளியே வருவது குறைவு. ஒவ்வொன்றின் பின்னாலும் பென்சிலால் மூன்று விஷயம் எழுது: எந்த ஊர், எந்தக் கடை, யாரோடு போய்க் குடித்தாய். முதல் பத்துச் சேர்ந்ததும் எனக்கு எழுது. முன்பக்கத்தில் என்ன படம் என்று எழுத வேண்டாம், பின்பக்கத்தில் நீ எழுதியதை மட்டும் எழுதி அனுப்பு.